காயும் முன்னே எடுத்துவிடுங்கள்: முகத்து மங்குக்கு மூலிகைப் பூச்சு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மங்கு என்றால் முதலில் நினைவுக்கு வருவது பால்மரத்தில் கட்டியிருக்கும் கிண்ணம்தான். அதே பெயரில் இன்னொன்றும் உண்டு. இரு கன்னத்திலும் மூக்குத் தண்டிலும் மேலுதட்டிலும் பழுப்பாகப் படர்ந்து, வலியும் அரிப்பும் இல்லாமல் உட்கார்ந்துகொள்கிற முகத்து மங்கு. கித்தா எனும் ரப்பர்க் காடுகள் பெரும்பாலும் செம்பனையாக மாறிவிட்டன. கிண்ண மங்கைப் பார்க்காத பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். முகத்து மங்கு மட்டும் வீட்டுக்கு வீடு இருக்கிறது.

இதற்கு ஆயுர்வேதத்தில் நல்ல பூச்சு மருந்துகள் இருக்கின்றன. கெடுவது பெரும்பாலும் செய்முறையில்தான். பொடி சரியாக இருக்கும், குழைக்கிற பாலும் சரியாக இருக்கும். பூசிக்கொண்டு காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து, முகம் ஓடு மாதிரி இறுகிய பிறகு சுரண்டிக் கழுவுவார்கள். இறுக இறுக மருந்து பிடிக்கிறது என்று ஒரு நம்பிக்கை. மூல நூல்கள் இதற்கு நேர்மாறாகச் சொல்கின்றன: ஈரமாக இருக்கும்வரைதான் மருந்து, காய்ந்துவிட்டால் அதுவே நிறத்தைக் கெடுக்கும். இந்த ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி வெயில்.

மங்கு எது, மங்கு அல்லாதது எது

பொடி இடிக்கும் முன் கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய்ப் பகல் வெளிச்சத்தில் முகத்தைப் பாருங்கள். குளியலறை விளக்கு ஆகாது. மங்கு பெரும்பாலும் இரு பக்கமும் ஒத்து வரும். இடக் கன்னத்தில் இருந்தால் வலக் கன்னத்திலும் ஏறக்குறைய அதே இடத்தில் இருக்கும். தோல் தடிக்காது, செதில் உதிராது, தொட்டால் மற்ற இடத்தைப் போலவே இருக்கும். நிறம் பழுப்பாகவும் ஓரம் தெளிவாகவும் இருந்தால் கருமை பெரும்பாலும் மேல்தோலில் இருக்கிறது. பூச்சுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இணங்கும். சாம்பலும் நீலமும் கலந்து, ஓரம் எங்கே முடிகிறது என்று தெரியாமல் இருந்தால் ஆழத்தில் இறங்கியிருக்கிறது. அதில் எந்தப் பூச்சும் சுணங்கித்தான் வேலை செய்யும், பல சமயம் செய்யவே செய்யாது. இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. பிறகு மருந்தையும் நொந்துகொள்ள வேண்டாம், உங்களையும் நொந்துகொள்ள வேண்டாம்.

பரு ஆறிய இடத்தில் புள்ளி புள்ளியாக நிற்கும் கறுப்பு வேறு. களைக்கு மருந்து அடிக்கிறவர்களுக்கு முகத்தில் தூறல் பட்டுத் தோல் எரிந்து, எரிச்சல் அடங்கியபின் நிற்கிற கறையும் வேறு. இவை இரண்டும் காரணத்தை நிறுத்தினால் மாதக்கணக்கில் தாமாகவே மங்கும். பூச்சு துணை செய்யலாம். நெற்றி நடுவில் பொட்டு வைக்கிற இடம் மட்டும் வட்டமாகக் கறுத்தால் குங்குமத்தில் கலக்கும் செயற்கைச் சாயத்தைச் சந்தேகப்படுங்கள். ஒட்டுப்பொட்டின் பசை சிலருக்கு இதற்கு எதிராக வெள்ளைத் தழும்பை உண்டாக்கும். நெற்றியோரத்திலும் காதுக்கு முன்னாலும் கருமை இறங்கியிருந்தால் தலைமுடிச் சாயத்தைச் சில மாதம் நிறுத்திப் பாருங்கள். பின்கழுத்து வெல்வெட்டுத் துணி போலத் தடித்துக் கறுத்திருந்தால் அது அழுக்கு அல்ல. சர்க்கரையைச் சோதிக்கச் சொல்லும் அடையாளம் அது. தேய்க்கத் தேய்க்க இன்னும் கறுக்கும். ஒரே ஒரு புள்ளி மட்டும் வளர்ந்தாலோ, நிறம் மாறினாலோ, ரத்தம் கசிந்தாலோ எதையும் பூசாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வெயிலும் அடுப்பும்

சுசுருத சம்ஹிதை இதை வியங்கம் என்று சிறு நோய்களின் வரிசையில் வைத்திருக்கிறது. சினத்தாலும் உடல் அலுப்பாலும் கிளர்ந்த வாயு, பித்தத்தோடு சேர்ந்து முகத்துக்கு வந்து, வலியில்லாத, மெல்லிய, கருமை படிந்த வட்டத்தை உண்டாக்குகிறது என்பது அதன் விளக்கம். தோலுக்கு நிறம் தருவது பிராஜக பித்தம். அது சூடேறினால் நிறம் கெடும். இன்றைய மருத்துவம் இதையே வேறு மொழியில் சொல்கிறது. தோலில் நிறமிகளைச் செய்யும் உயிரணுக்கள் வெயிலாலும் சூட்டாலும் சுரப்பிகளின் மாற்றத்தாலும் தூண்டப்பட்டு மெலனினை அளவுக்கு மீறிச் செய்கின்றன. கர்ப்ப காலத்திலும் கருத்தடை மாத்திரை எடுக்கும்போதும் மங்கு வருவது இதனால்தான். தாய்க்கு இருந்தால் மகளுக்கு வரும் வாய்ப்பும் அதிகம்.

இந்த ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 5 பாகைக்குள் இருக்கிறது. நடுப்பகலில் புற ஊதாக் கதிரின் அளவீடு 10-ஐத் தாண்டுவது ஆண்டு முழுக்க வழக்கம். தோலுக்கு ஓய்வு தரும் பருவம் என்று ஒன்று இங்கே கிடையாது. நம் கடிகாரம் சூரியனைவிட முன்னால் ஓடுகிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். பேராக் மாநிலத்தில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, ஏறக்குறைய 1.15-க்கு. இந்தியாவிலிருந்து வரும் குறிப்புகள் 10 மணி முதல் 3 மணி வரை வெயிலைத் தவிர்க்கச் சொல்லும். இங்கே அதை 11 முதல் 4 வரை என்று மாற்றிப் படியுங்கள். பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து மோட்டாரில் அழைத்துவரும் ஒரு மணி, ஒன்றரை மணிதான் உச்சி வெயில்.

பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு விடிகாலைப் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முதல் வெட்டு முடியும்வரை நிழல் உண்டு. பால் எடுத்துக்கொண்டு ஸ்டோருக்கு வருகிற நேரத்தில்தான் வெயில் பிடிக்கும். வளர்ந்த செம்பனைக்குள் வேலை செய்தாலும் ஓரளவு நிழல் கிடைக்கும். மறுநடவு செய்த இளங்கன்றுகளுக்கு நடுவே உரம் போடுகிறவர்களுக்கு நிழல் ஒரு கை அளவு கூட இல்லை. லாரி ஓட்டுகிறவர்களுக்கு இந்நாட்டில் ஜன்னல் வலப் பக்கம். வலக் கன்னம் மட்டும் கறுத்திருப்பதன் காரணம் அதுதான். கண்ணாடியை ஏற்றி வைத்தாலும் கதிர்களில் ஒரு பங்கு உள்ளே வரும்.

வெயிலே படாத முகத்துக்கும் மங்கு வரும். ரொட்டி சானாய் கல்லுக்கு முன்னால் விடிகாலை முதல் நிற்கிறவர்களையும், அப்பக்கடை வைத்திருப்பவர்களையும் பாருங்கள். சூடு தனியாகவே மங்கை ஏற்றும். நூல்கள் பூச்சுப் போட்டவர் தவிர்க்க வேண்டியவற்றில் வெயிலையும் நெருப்பையும் அடுத்தடுத்து வைத்திருப்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஆகவே எந்த மூலிகைக்கும் முன்னால் தொப்பியும் வெயில் தடுப்புக் களிம்பும். தொப்பியின் விளிம்பு சுற்றிலும் 3 அங்குலமாவது இருக்கட்டும். முன்பக்கம் மட்டும் நாக்கு நீட்டிய தொப்பி கன்னத்துக்கு உதவாது. களிம்பு வாங்கும்போது துத்தநாக ஆக்ஸைடு உள்ளதாகவும், எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாததாகவும், தோல் நிறத்திலேயே இருப்பதாகவும் பாருங்கள். அந்த நிறத்தைத் தருவது இரும்பு ஆக்ஸைடு. மங்கைக் கறுக்க வைக்கிற கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அது தடுக்கும். வெள்ளைக் களிம்பு அதைத் தடுப்பது குறைவு. அளவு ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் பிதுக்கியது. பட்டாணி அளவு போட்டுவிட்டுக் களிம்பு வேலை செய்யவில்லை என்று சொல்லக்கூடாது. 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி பூச வேண்டும், வியர்த்து வழிந்தால் அதற்கு முன்பே. மலாய்க்காரர் வீடுகளிலிருந்து நம் வீடுகளுக்கும் வந்த பெடாக் செஜூக் முகத்துக்குக் குளிர்ச்சி தரும், அவ்வளவுதான். அரிசி மாவு வெயிலைத் தடுக்கும் என்று நம்பிக் காட்டுக்குப் போகாதீர்கள்.

பூச்சு

வியங்கத்துக்கு நூல்களில் உள்ள பழைய லேபம் (பூச்சு) ஒன்றில் ஏழு சரக்குகள்: செஞ்சந்தனம், மஞ்சிட்டி, வெள்ளிலோத்திரம், கோட்டம், ஞாழல், ஆலந்துளிர், மைசூர் பருப்பு. வீட்டில் செய்கிறவர்களுக்கு நான் இதைச் சுருக்கித்தான் சொல்வேன். கோட்டம் சிலருக்குக் கடுமையான தோல் ஒவ்வாமையை உண்டாக்கும் வேர்; மங்கு உள்ள முகத்தில் ஒவ்வாமை வந்தால் அது ஆறும்போது இன்னொரு கறுப்பை வைத்துவிட்டுப் போகும். ஞாழல் என்ற பெயரில் கடைக்குக் கடை வேறு வேறு சரக்கு வருகிறது. இரண்டையும் விட்டுவிடலாம். ஆலந்துளிர் பச்சையாகக் கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் குறையில்லை. அதற்குப் பதில் அதிமதுரம் சேருங்கள். மெலனின் உருவாக உதவும் நொதியைத் தடுக்கும் பொருள் அதில் இருப்பது ஆய்வகங்களில் காட்டப்பட்டிருக்கிறது.

அளவு: மஞ்சிட்டி 25 கிராம், செஞ்சந்தனம் 25 கிராம், அதிமதுரம் 25 கிராம், வெள்ளிலோத்திரப் பட்டை 15 கிராம், ஆரஞ்சு நிற மைசூர் பருப்பு 50 கிராம். மொத்தம் 140 கிராம். ஒரு தடவைக்கு ஏறக்குறைய 15 கிராம் ஆகும். வாரம் 3 தடவை என்றால் 3 வாரத்துக்கு வரும். அதற்கு மேல் ஒரே நேரத்தில் அரைத்து வைக்காதீர்கள். இந்த ஊர்க் காற்றின் ஈரத்தில் பருப்பு மாவில் வண்டு விழும், மூலிகைப் பொடி கட்டி தட்டும், அதன்பின் பூசணம். கட்டியை உடைத்தால் உள்ளே மக்கல் வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். சலித்துப் பயன்படுத்தலாம் என்று நினைக்க வேண்டாம், பூசணத்தின் வித்து சல்லடையில் நிற்காது.

மஞ்சிட்டியும் அதிமதுரமும் நார்ச் சரக்குகள். முதலில் உரலில் தட்டி நைத்துக்கொண்டு, பிறகு மிக்ஸியில் பத்துப் பத்து நொடியாக விட்டுவிட்டு அரையுங்கள். தொடர்ந்து ஓடவிட்டால் ஜாடி சூடேறிவிடும். அரைத்ததை வஸ்திரகாயம் செய்ய வேண்டும், அதாவது மெல்லிய மல் துணியில் சலிக்க வேண்டும். மாவுச் சல்லடை போதாது. இரண்டு விரலுக்கிடையில் தேய்த்தால் முகப் பவுடர் போல வழுக்க வேண்டும். மணல் நெருடல் இருந்தால் அந்தத் துகள் ஒவ்வொன்றும் கன்னத்தைக் கீறும். மாநிறத் தோல் கீறலையும் எரிச்சலையும் கறுத்துத்தான் ஆற்றும்.

முதன்முதலாகப் பூசும் முன் சோதனை வேண்டும். குழைத்த மருந்தில் ஐந்து காசு நாணய அளவுக்குத் தாடை மூலையில், காதுக்குக் கீழே வைத்து 15 நிமிடத்தில் துடைத்துவிடுங்கள். மறுநாளும் அதற்கடுத்த இரண்டு நாளும் அந்த இடத்தைப் பாருங்கள். சிவப்பு, அரிப்பு, சிறு கொப்புளம் எதுவும் இல்லையென்றால் தொடங்கலாம். ஒவ்வாமை பல சமயம் இரண்டாம் நாளில்தான் தலைகாட்டும். அன்றைக்கே பார்த்துவிட்டுப் பூசுவது சோதனை ஆகாது.

இனிக் குழைப்பது. பொடி 2 மேசைக்கரண்டி. காய்ச்சி ஆறிய பால் 2 மேசைக்கரண்டி ஊற்றிக் கலக்கி, 5 நிமிடம் அப்படியே வையுங்கள். பருப்பு மாவு அதற்குள் பாலை உறிஞ்சித் தடித்துவிடும். பிறகு இன்னும் அரைக் கரண்டி பால். இட்லி மாவுப் பதம் வேண்டும். கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாமல் சரிந்து விழ வேண்டும். எண்ணெய் வழியும் முகத்துக்கும் பரு உள்ளவர்களுக்கும் பாலுக்குப் பதில் கொதித்து ஆறிய நீர். தயிர் வேண்டாம், அதன் புளிப்பு எரிச்சலுள்ள தோலுக்கு ஆகாது.

கனம்தான் இந்த மருந்தின் உயிர். அஷ்டாங்க ஹிருதயம் முகலேபத்துக்கு மூன்று கனம் சொல்கிறது: கால் அங்குலம், மூன்றில் ஒரு பங்கு, அரை அங்குலம். அந்த அங்குலம் விரற்கடை அளவு. அதில் கால் பங்கு என்றால் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர். நாம் வழக்கமாகப் பூசுவது சுவருக்கு வெள்ளையடிப்பது போல ஒரு மெல்லிய தடவல். அது இந்த ஊர்க் காற்றாடிக்குக் கீழே ஐந்தே நிமிடத்தில் காய்ந்துவிடும். நூல் சொல்லும் கனத்தில் பூசினால் காயாமல் நிற்கும். முகம் முழுக்க அவ்வளவு கனமாகப் பூச ஒரு கிண்ணம் மருந்து வேண்டும். அதற்கு அவசியமில்லை. மங்கு உள்ள இடத்திலும் அதைச் சுற்றி ஒரு விரல் அகலத்திலும் மட்டும் வையுங்கள். 2 மேசைக்கரண்டிப் பொடி இரு கன்னத்துக்கும் சரியாக இருக்கும்.

பூசியபின் காற்றாடியை நிறுத்துங்கள், சாய்ந்து உட்காருங்கள், பேசாதீர்கள். பேசினால் மூக்கோரத்திலிருந்து வாய்க்கு இறங்கும் மடிப்பில் பூச்சு விண்டுபோகும். விண்ட இடம்தான் முதலில் காயும். கண்ணாடியில் பூச்சின் ஓரத்தைக் கவனியுங்கள். ஈரமாக இருக்கும்வரை அது நனைந்த செங்கல் நிறத்தில், மேலே லேசான பளபளப்போடு இருக்கும். நேரம் ஆக ஆக விளிம்பில் ஒரு நூல் அகலத்துக்கு நிறம் வெளிறி, ரோஜா சாம்பலாக மாறத் தொடங்கும். அந்த வெளிறல் உள்நோக்கி நகரும் முன்னே எடுத்துவிட வேண்டும். நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியை முன்கூட்டியே பக்கத்தில் வைத்துக்கொண்டால், விளிம்பு வெளிறும்போது அதன்மேல் ஒத்தி இன்னும் ஐந்து நிமிடம் நீட்டலாம். மொத்தம் 15 முதல் 20 நிமிடம் போதும்.

எடுக்கிற முறையும் நூலிலேயே இருக்கிறது: நனைத்துத்தான் எடுக்க வேண்டும். ஈரத் துணியைப் பூச்சின்மேல் ஒரு நிமிடம் போட்டு வைத்து, அப்படியே வழித்து எடுங்கள். பிறகு வெறும் நீர், சோப்பு வேண்டாம். துடைத்த பின் எண்ணெய் தொட வேண்டும் என்கிறது அந்நூல். மூன்று துளி நல்லெண்ணெய், அல்லது கீழே சொல்லும் தைலம், உள்ளங்கையில் தேய்த்து ஒத்தி எடுத்தால் போதும். அதன்பின் பகல் தூக்கம், அதிகப் பேச்சு, நெருப்பு, வெயில், துக்கம், சினம் ஆகாது. மற்றவை நம் கையில் இல்லாவிட்டாலும் நெருப்பும் வெயிலும் நம் கையில் இருக்கின்றன. சமையலை முடித்துவிட்டு, மாலை 5.30-க்கு மேல் பூசுங்கள். இரவு வெகுநேரம் ஆகிவிட்டால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். சளி பிடித்திருக்கும்போதும், செரிக்காமல் வயிறு உப்பியிருக்கும்போதும், தூக்கம் கெட்ட நாளிலும் லேபம் கூடாது என்பது விதி. தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர்கள் அந்தக் காலையில் பூசிக்கொள்ளாமல், தூங்கி எழுந்து மாலையில் பூசிக்கொள்வது நல்லது.

மஞ்சிட்டியும் செஞ்சந்தனமும் தோலில் லேசான செம்மையை விட்டுச் செல்லும். அந்தச் செம்மையில் மங்கு மறைந்தாற்போலத் தோன்றும். பயனைக் கணக்கிட அன்றைய கண்ணாடியை நம்பாதீர்கள்.

கெடுத்துவிடுபவை

எலுமிச்சைதான் முதல் எதிரி. லீமாவ் நீப்பிஸ் ஆனாலும் நம் வீட்டுத் தொட்டியில் காய்க்கும் லீமாவ் கஸ்தூரி ஆனாலும் முகத்தில் தேய்க்காதீர்கள். எலுமிச்சை இனத்தின் தோலிலும் சாற்றிலும் வெயிலோடு சேர்ந்தால் தோலைச் சுட்டுவிடும் பொருள் இருக்கிறது. சாறு பட்ட இடம் வெயில் பட்டதும் சிவந்து, சில நாளில் சாறு வழிந்த வடிவத்திலேயே கறுக்கும். கறையைப் போக்கப் போய்ப் புதுக் கறை வாங்கி வருகிறோம்.

அதே வேலையைச் செய்யும் இன்னொரு சரக்கு நம் குளியல் பொடிகளுக்குள்ளேயே இருக்கிறது: கார்போக அரிசி. வெண்புள்ளிக்கு அது மருந்து. வெயிலைத் தோலுக்குள் இழுத்து நிறத்தை ஏற்றுவதுதான் அதன் குணம். வெண்புள்ளிக்கு நல்லதாக இருப்பதே மங்குக்குக் கெட்டதாகிறது. நலங்கு மாவு, ஸ்நானப் பொடி வாங்கும்போது சேர்மானத்தைப் படியுங்கள்; கார்போக அரிசி இருந்தால் உடம்புக்கு மட்டும் போடலாம் என்று கூடச் சொல்லமாட்டேன். கையும் கழுத்தும் வெயிலில்தானே இருக்கின்றன.

ஜாதிக்காயைப் பாலில் உரைத்து மங்குக்குப் போடுவது பழைய கைமருந்து. பினாங்கு ஜாதிக்காய் இங்கே எளிதாகக் கிடைப்பதால் பலரும் செய்கிறார்கள். உரைத்த சாந்து எரியும். சிலர் எரிவதுதான் அடையாளம் என்று பொறுத்துக்கொள்கிறார்கள். பொறுக்காதீர்கள், உடனே கழுவுங்கள்.

கஸ்தூரி மஞ்சள் என்று கேட்டால் இங்கே பல சமயம் வேறு கிழங்கின் பொடிதான் கிடைக்கும். அசல் கஸ்தூரி மஞ்சளின் உட்புறம் வெளிறியிருக்கும், கற்பூர மணம் வீசும், கையில் மஞ்சள் அதிகம் ஒட்டாது. சந்தையில் ஆரஞ்சு நிறத்தில் கிடைக்கும் தெமு லாவாக் வேறு கிழங்கு. மூன்று நாள் முகத்திலிருந்து மஞ்சள் போகவில்லையென்றால் நீங்கள் வாங்கியது சமையல் மஞ்சள்.

வாங்குவதைப் பற்றி இன்னும் கொஞ்சம். பொடியாக வாங்காமல் முழுச் சரக்காக வாங்குங்கள். ஈப்போ லிட்டில் இந்தியாவின் நாட்டு மருந்துக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். மஞ்சிட்டி மெல்லிய தண்டாக, ஒடித்தால் உட்புறம் சிவந்திருக்க வேண்டும். நீரில் போட்டால் நிறம் மெதுவாக இறங்க வேண்டும். போட்டவுடன் நீர் கண்ணைப் பறிக்கும் சிவப்பானால் சாயம். குங்குமப்பூவும் அப்படித்தான். நீர் பொன் மஞ்சளாக மாறிய பிறகும் இழை சிவப்பாகவே நிற்க வேண்டும்.

குங்குமாதி தைலத்தைப் பற்றி

இது பெயர் பெற்ற மருந்து, விலையும் அதற்கேற்றாற்போல. அஷ்டாங்க ஹிருதயம் இதை மூக்கில் விடும் நசிய மருந்தாகத்தான் சொல்கிறது. இன்று முகத்தில் தேய்ப்பது பரவலான வழக்கமாகிவிட்டது. நசியத்தை வீட்டில் செய்துகொள்ள வேண்டாம், தெரிந்த வைத்தியர் முன்னால்தான். முகத்தில் தேய்க்க என்றால் இரவில் மூன்று துளி, வறண்ட தோலுக்கு மட்டும். பரு வரும் முகத்தில் நல்லெண்ணெய் சேர்ந்த தைலம் இந்த ஊர் வியர்வையோடு சேர்ந்து துளைகளை அடைக்கும். பருவும், பரு போனபின் அதன் கறுப்பும் மிஞ்சும்.

வீட்டில் தைலம் காய்ச்ச ஆசைப்படுகிறவர்களுக்கு எளிய ஒன்று. நல்லெண்ணெய் 100 மில்லி, பால் 400 மில்லி, மஞ்சிட்டியும் அதிமதுரமும் சமமாக எடுத்து நீர்விட்டு அரைத்த கற்கம் 12 கிராம். எண்ணெய்க்கு நான்கு பங்கு பால், பாலில் காய்ச்சும்போது கற்கம் எட்டில் ஒரு பங்கு என்பது பழைய கணக்கு. அடி கனத்த பாத்திரத்தில், சிறு தீயில், அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே. பால் வற்றித் திரளும் நேரத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். கற்கத்தில் கொஞ்சம் எடுத்து விரலில் உருட்டுங்கள். ஒட்டாமல் திரி போல உருள வேண்டும். அந்தத் திரியை நெருப்பில் காட்டினால் சடசடவென்று வெடிக்கக் கூடாது; வெடித்தால் நீர் இன்னும் இருக்கிறது, தைலம் ஒரு வாரத்தில் சிக்கு வாடை அடித்துக் கெடும். பதம் வரும்போது எண்ணெயில் நுரை எழும்பும். உடனே இறக்குங்கள். விட்டால் கற்கம் கருகி எரிந்த எண்ணெயாகிவிடும், அது முகத்துக்கு ஆகாது. சூடாக இருக்கும்போதே வடிகட்டி, ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் ஊற்றித் தேதி எழுதி ஒட்டுங்கள்.

லேபிள் இல்லாத டப்பா

பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையிலும் கைப்பேசி வழியாகவும் ‘ஆயுர்வேத’ என்ற பெயரில் விற்கும் வெள்ளையாக்கும் களிம்புகளைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். ஒரு வாரத்தில் மங்கு மறைந்தால் அது மூலிகை அல்ல. பாதரசம், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஆகியவை கலந்த களிம்புகளைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பான என்.பி.ஆர்.ஏ. திரும்பத் திரும்பக் கண்டுபிடித்துத் தடை செய்கிறது. ஸ்டீராய்டு தோலை மெலிய வைக்கும். நிறுத்தியதும் முகம் சிவந்து எரியும், பரு கிளம்பும், மங்கு முன்னைவிடக் கறுத்துத் திரும்பும். பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், பூசுகிறவரை மட்டுமின்றி மடியில் கிடக்கும் குழந்தையையும் தொடும். அழகுப் பொருளுக்கு நாட் (NOT) என்ற எழுத்துகளில் தொடங்கும் அறிவிப்பு எண்ணும், பாரம்பரிய மருந்துக்கு மால் (MAL) என்று தொடங்கி டி (T) என்று முடியும் பதிவெண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை அமைப்பின் இணையதளத்தில் தட்டிப் பாருங்கள். எண் இருந்தும் வேறு பொருளின் எண்ணாக இருக்கலாம்.

உள்ளுக்குக் குடிக்கும் மருந்துகளை இங்கே அளவோடு எழுதப் போவதில்லை. மஞ்சிட்டிக் கஷாயம் நல்ல மருந்துதான், ஆனால் கர்ப்பிணிகளுக்கு ஆகாது. அதிமதுரத்தை நாள்கணக்கில் உள்ளுக்கு எடுத்தால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். 2016-ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற வைத்தியரிடம் நாடி காட்டி, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதையும் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பத்தில் வந்த மங்கு பிள்ளை பெற்ற சில மாதங்களில் தானாகக் குறைவது உண்டு. அதுவரை தொப்பியும் களிம்பும் போதும்.

எவ்வளவு நாள் பார்ப்பது? மேல்தோல் ஒரு சுற்றுப் புதுப்பிக்க ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். ஆகவே 12 வாரத்துக்கு முன் முடிவு சொல்ல முடியாது. முதல் நாள் காலை 9 மணிக்கு ஜன்னலோரம் நின்று, முகம் கழுவித் துடைத்தபின் கைப்பேசியில் மூன்று படம்: நேராக, இடம், வலம். அழகாக்கும் வடிகட்டிகளை அணைத்துவிடுங்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை அதே இடத்தில், அதே நேரத்தில் மறுபடி. ஓரம் தேய்ந்து நடுவில் திட்டுத் திட்டாக வெளுத்து வந்தால் மருந்து கேட்கிறது என்று பொருள். வாரம் 3 தடவையை 2 ஆக்கி இன்னும் 3 மாதம் தொடருங்கள். மாறாமலே இருந்தால் முதலில் வெயில் தடுப்பைப் பாருங்கள், பொடியை மாற்றுவது பிறகு. கறுத்திருந்தால் பூச்சை அன்றே நிறுத்திவிடுங்கள்.

12 வாரமும் சரியாகச் செய்து அசையவில்லையென்றால், அல்லது சாம்பல் நீல மங்கு என்றால், அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளி (ரிங்கிட்) கட்டிப் பெயர் பதிந்து, தோல் நிபுணரிடம் அனுப்பும்படி கேளுங்கள். போகும்போது முகத்துக்குப் போட்ட எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்துக்கொள்ளுங்கள்: அரைத்த பொடியில் ஒரு கரண்டி, தைலப் புட்டி, தலைச் சாயத்தின் அட்டை, குங்குமச் சிமிழ், சாப்பிடும் மாத்திரைகள், யாரோ கொடுத்த அந்த லேபிள் இல்லாத டப்பாவும்.